இரண்டு முழக் கயிறு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், ஜவ்வாது மலையில் நடந்தது இது. கால்நடை மருத்துவம் படித்து முடித்து, முதல் வேலைக்கென்று மலைக்கு வந்து அப்போது எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. சொந்த ஊர் அடிவாரத்தில் சந்தவாசல். சின்ன வயதிலிருந்து எங்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்த மலைதான். அதனாலேயே அந்த மலையை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எதையும் எண் போட்டு எழுதி வைக்கிற ஆள். மளிகைக்குப் பட்டியல், ஊருக்குக் கிளம்பினால் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல். விடுதியில் தோழிகள் கேலி செய்வார்கள். தேர்வில் அந்தப் பழக்கம் கைகொடுத்தது. வேலையிலும் கொடுக்கும் என்று நம்பினேன்.

மலையில் பெரும்பாலான மாடுகள் சித்திரை, வைகாசியில்தான் கன்று போடும். ஆடி மழையில் புல் முளைத்து, மாடுகள் தேறி, காட்டு மேய்ச்சலில் காளையோடு சேர்ந்து சினைப்படும். ஒன்பது மாதம் கழித்துச் சரியாகக் கோடை மழைக் காலத்தில் வந்து நிற்கும். கீழே இருப்பவர்களுக்குக் கோடை மழை என்றால் ஒரு நாள் குளிர்ச்சி. மலையில் அப்படி இல்லை. மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் திடீரென்று காற்று கிளம்பும். அப்புறம் இடி, ஆலங்கட்டி, சரிவெல்லாம் செந்நீர். முந்தின வருடம் அப்படி ஒரு மழையில் மரம் சாய்ந்து, அடியில் நின்ற இரண்டு சினை மாடுகள் செத்துப்போன கதையை, நான் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து என் மனதில் ஒரு பட்டியல் உருவாகிக்கொண்டே இருந்தது. பங்குனியில் நான்கு ஊர்களில் வீடு வீடாகப் போய், சினை மாடுகளைக் கையால் சோதித்து, எந்த மாடு எப்போது கன்று போடும் என்று நோட்டில் எழுதினேன். மொத்தம் பதினான்கு மாடுகள். காட்டில் காளையோடு சேர்ந்த நாள் யாருக்கும் தெரியாது. கையால் பார்த்துச் சொல்வது ஒரு மதிப்பீடுதான். பத்து, பதினைந்து நாள் முன்னே பின்னே ஆகலாம். அதனால் ஒவ்வொரு தேதிக்கு முன்னாலும் 'ஏறக்குறைய' என்று நோட்டில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். பிறகு கணினியில் தட்டச்சு செய்தபோது, தேதிக் கட்டத்தில் அந்தச் சொல் அடங்கவில்லை. எடுத்துவிட்டேன். பட்டியல் பார்க்க அழகாக இருந்தது.

அதற்குக் கீழே மழைக்கால எச்சரிக்கைகள் ஏழு. முதலாவது, இடி மின்னலில் வெளியே போகக் கூடாது என்பது. மூன்றாவது, நிறைசினை மாடுகளைக் காற்று மழைக்கு முன்பே கூரையுள்ள கொட்டகையில் கட்டி வைக்க வேண்டும் என்பது. ரேஷன் கடைச் சுவர்களில் ஒட்டினேன்.

பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது ஒரு செவலை மாடு. பாதி மலை மாடு, பாதி கலப்பு. அதன் சொந்தக்காரருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் கர்நாடகத்தில் காபித் தோட்ட வேலையில் இருந்தார். வருடா வருடம் வைகாசிக் கடைசியில் மேஸ்திரி வந்து ஊரிலிருந்து ஆள் கூட்டிப்போவார். போனால் குழந்தைகளும் கூடவே போக வேண்டியதுதான். பள்ளிக்கூடம் அதோடு சரி. அக்காவின் மகள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

"இவ படிக்கணும்னா நான் இங்க இருக்கணும். நான் இங்க இருக்கணும்னா செவல கறக்கணும். அவ்ளோதாங்க என் கத" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். செவலை கன்று போட்டுக் கறந்தால், பால் வண்டிக்கு ஊற்றிவிட்டு மலையிலேயே இருந்துவிடலாம். கறக்காவிட்டால் தோட்டம். வேறு வழி ஏதும் அவருக்கு இல்லை.

அந்த ஊரில் என்னை முதலில் நம்பியவரும் அவர்தான். மாட்டைத் தொடவிடவே மற்றவர்கள் யோசித்தபோது, "படிச்ச பொண்ணு, பாக்கட்டும், வுடுங்க" என்று செவலையைப் பிடித்து நிறுத்தியவர்.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் கைபேசியில் எச்சரிக்கை வந்தது. பிற்பகலில் சூறைக்காற்றோடு இடி மழை. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

முதல் ஊரில் ஒருவர் வாசலில் உட்கார்ந்து மனைவியோடு புளி உடைத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் இரண்டாவது மாடு அவருடையது. மாடு எங்கே என்று கேட்டேன்.

"மேலதான் எங்கனா மேயும்ங்க மேடம்."

ஓட்டி வந்து கட்டச் சொன்னேன். மழை வரப்போகிறது என்று கைபேசியைக் காட்டினேன்.

"கட்றோங்க. மாட்டயும் கட்றோம், மழையயும் கட்றோம். நீங்க எழுதிக்கினு போங்க" என்றார். அவர் மனைவி புளியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். நான் கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல், அந்த வரிக்கு எதிரே 'சொல்லியாயிற்று' என்று குறி போட்டுக்கொண்டேன்.

அக்கா வீட்டுக்குப் போனபோது செவலை கொட்டகைக்கு வெளியே பலா மர நிழலில் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் கயிறே இல்லை. மலையில் அது வழக்கம். மடி இறங்கத் தொடங்கிய நாளிலிருந்து கன்று போட்ட மூன்றாம் நாள் வரை மாட்டுக்குக் கயிறு போட மாட்டார்கள். அது இஷ்டத்துக்கு மேயும், இஷ்டப்பட்ட இடத்தில் படுக்கும். எனக்கும் அது தெரியும். மாற்ற வேண்டிய பழக்கம் என்று என் நோட்டில் தனியாகக் குறித்து வைத்திருந்தேன்.

மழையைப் பற்றிச் சொன்னதும் அக்கா சரி சரி என்று தலையாட்டினார். கொட்டகைக்குள் கட்டலாம் என்றதும்தான் தயங்கினார்.

"கொட்டாயில வேணா வுடலாங்க. கவுறு மட்டும் வாணாம்."

"ஏங்க்கா?"

"மடி இறங்கிடுச்சு டாக்டரம்மா. வால் பக்கம் பாருங்க, குழி வுழுந்துடுச்சு. இப்போ போயி கவுறு போட்டா, கன்னு கழுத்துல கொடி சுத்திக்கினு வரும்னு சொல்வாங்க."

"மழை வந்தா எங்க போகும்?"

"தோ, மேல அந்தப் பாறைக்கு அடியில போயி நின்னுக்கும். அதுக்குத் தெரியாதா இன்னா?"

கொடி சுற்றுவதற்கும் கயிற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் விளக்கினேன். வயிற்றுக்குள் கன்று எப்படிப் படுத்திருக்கும் என்று மண்ணில் குச்சியால் வரைந்துகூடக் காட்டினேன். நான் சொன்னது முழுக்க உண்மை. அக்காவும் ஆர்வமாகப் பார்த்தார்.

கன்று போடப்போகும் மாட்டைக் கட்டக் கூடாது என்று எங்கள் பாடத்திலும் இருக்கிறது. ஆனால் பட்டியலின்படி செவலைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதனால் அன்று என் கண்ணுக்கு அது கன்று போடப்போகும் மாடாகத் தெரியவில்லை. மழைக்கு ஒதுக்க வேண்டிய மாடாகத்தான் தெரிந்தது. வால் அடியில் கையை வைத்து அழுத்திப் பார்த்திருந்தால், கன்று போடும் நேரம் வந்துவிட்டது என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கை வைக்கவில்லை. இன்னும் ஒன்பது வீடுகள் பாக்கி இருந்தன.

"பன்னிரண்டு நாள் இருக்குக்கா, பயப்படாதீங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்றார் அக்கா.

கயிற்றை அவர் எடுத்துக் கொடுத்தார். நான்தான் கட்டினேன். நீளமாக இருந்தால் காலில் சிக்கிக்கொள்ளும் என்று இரண்டு முழத்துக்குக் குறுக்கி, தகரக் கொட்டகையின் உள்முளையில் கட்டினேன். அவிழ்ந்துவிடாதே என்று இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன்.

அதோடு கிளம்பியிருக்கலாம். இல்லை. அடுத்த ஊர்க்காரர்கள் என் பேச்சைக் கேட்பவர்கள் இல்லை. அக்காவின் அம்மா வீடு அங்கேதான். "நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கக்கா, அரை மணியில் கொண்டுவந்து விட்டுடறேன்" என்றேன். அவர் செவலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மகளை ஊர்க்கோடியில் கொழுந்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

"எங்க மாமியாரு பாத்தா, இவ எப்படி டாக்டரானான்னு மயக்கம் போட்டு வுழும்" என்று பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

அரை மணி நேரம் ஒன்றரை மணி ஆனது. அவர் சொன்னதும் அங்கே நாலு பேர் மாடுகளைக் கொட்டகைக்குள் ஓட்டினார்கள். நான் ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணி தாண்டியதும் வெளிச்சம் மஞ்சளாக மாறியது. வண்டியை எடுப்பதற்குள் காற்று வந்துவிட்டது.

அங்கன்வாடி வராந்தாவுக்குள் ஓடினோம். ஓடு தெறிக்கிற மாதிரி ஆலங்கட்டி விழுந்தது. எதிரே இருந்த மரம் பாதியாக முறிந்து சாலையில் படுத்தது. மின்னலும் இடியும் ஒன்றாகவே வந்தன.

அக்கா வராந்தாவின் ஓரத்திலேயே நின்றார். "கவுறு கீதுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கவுறு கட்டிக்கீதுங்க. நான் குறுக்கால இறங்கி ஓடினா கா மணியில போய்டுவேன்" என்றார். படி இறங்கியவரை மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மின்னலில் வெட்டவெளியில் ஓடினால் உயிருக்கு ஆபத்து என்றேன். மறுபடியும் இறங்கினார். மறுபடியும் இழுத்தேன். அது சரியான அறிவுரை. அன்றைக்கு நான் அவருக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

"கொட்டகை இருக்குக்கா. நனையாது. இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கயிற்றுப் பேச்சை விட்டுவிட்டார்.

மழை விட ஐந்து மணி ஆனது. சாலையில் மரம் கிடந்ததால் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தோம். நடந்தது நான்தான். அவர் ஓடினார். பாதை முழுக்க இலையும், பனி போல ஆலங்கட்டியும் குவிந்து கிடந்தன. நான் அவருக்கு ஐந்து நிமிடம் பின்னால்தான் போய்ச் சேர்ந்தேன்.

கூரையில் ஒரு தகரம் பிய்ந்து வேலியில் தொங்கியது. அது பெரிய விஷயமில்லை. கொட்டகையைச் சரிவில் வெட்டித்தான் கட்டியிருந்தார்கள். ஓரத்துக் கால்வாயை இலைகள் அடைத்துக்கொண்டதால், மேலே இருந்து வந்த தண்ணீர் கொட்டகை வழியாகவே கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செவலை நின்றுகொண்டிருந்தது. உயிரோடுதான் இருந்தது. தலை முளையோடு முளையாக இழுபட்டிருந்தது. முளை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கழுத்தில் கயிறு உரசிய இடத்தில் தோல் உரிந்து சதை தெரிந்தது.

கன்று அதன் பின்னங்கால்களுக்குப் பின்னால், அந்தத் தண்ணீரில் கிடந்தது. சவ்வு மூக்கின் மேல் அப்படியே ஒட்டியிருந்தது.

மாடு கன்று போட்டதும் முதலில் செய்வது திரும்புவதுதான். திரும்பி நக்கும். மூக்கிலிருக்கும் சவ்வை நக்கி எடுத்தால்தான் கன்று மூச்சுவிடும். செவலைக்குத் திரும்ப இரண்டு முழம் போதவில்லை. கழுத்துக் காயத்தைப் பார்த்தால் எவ்வளவு நேரம் முயன்றிருக்கிறது என்று தெரிந்தது. தகரத்தின் மேல் ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில் அது கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். மூக்கைத் துடைத்தேன். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன். மூக்குத் துளையில் வைக்கோல் விட்டேன். நெஞ்சைத் தேய்த்தேன். பெட்டைக் கன்று. நன்றாக வளர்ந்த, குறையில்லாத கன்று. கழுத்தில் கொடியெல்லாம் சுற்றவில்லை.

அக்கா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்து இறுகியிருந்ததால் வரவில்லை. அரிவாளை எடுத்து வந்து கயிற்றை அறுத்தார். செவலை திரும்பி என்னை முட்டித் தள்ளிவிட்டு, கன்றை நக்கத் தொடங்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. மூக்கைச் சுத்தமாக நக்கியது.

அக்கா அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "பன்னெண்டு நாள் கீதுன்னியே. எடுத்து எழுதிக்க. இன்னிக்கே போட்ச்சுன்னு எழுதிக்க" என்றார். அதுவரை என்னிடம் 'ங்க' போடாமல் அவர் பேசியதே இல்லை.

மறுநாள் காலை மற்ற மாடுகளைப் பார்க்கப் போனேன். புளி உடைத்தவரின் மாடு அந்த மழையிலேயே கன்று போட்டிருந்தது. மேலே பாறைக்கு அடியில், காய்ந்த மண்ணில். கன்று தடுமாறிக்கொண்டே எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. என் பட்டியலில் அந்த மாட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"எங்க மாட்டுக்குப் படிக்கத் தெரியாதுங்க மேடம். தேதி தெரியாம போட்ருச்சு" என்றார் அவர். அக்கா வீட்டுச் செய்தி அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

செவலை கறக்கவில்லை. மலை இரத்தம் உள்ள மாடு. கன்று முட்டாமல் பால் விடாது. மடி கல்லாகக் கட்டியது. தினம் போய் மருந்து போட்டேன், ஒத்தடம் கொடுத்தேன், ஒருமுறை ஊசியும் போட்டேன். அக்கா மாட்டைப் பிடித்துக்கொள்வார். என்னோடு பேச மாட்டார். நான் மன்னிப்புக் கேட்ட அன்று, "மழை பெஞ்சா நீ இன்னா பண்ணுவ" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினைந்து நாளில் மடி வற்றிவிட்டது.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தேன். மேஸ்திரியோடு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மகளின் முதுகில் பள்ளிக்கூடப் பை. புத்தகம் இல்லை, உள்ளேயிருந்து அலுமினியக் குண்டானின் விளிம்பு எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் வழக்கம் போலக் கையாட்டினாள். அக்கா பேசமாட்டார் என்று நினைத்தேன். பேருந்து வந்ததும், படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"செவலய கொழுந்தனாராண்ட வுட்டுக்கீறேன். அத பாத்துக்குங்க" என்றார். பிறகு, "கவுறு போடாதன்னு சொல்ட்டுதான் வந்தேன்" என்றார்.

அந்த மாத அறிக்கையில் இழப்பு என்ற இடத்தில் கன்று ஒன்று என்றும், காரணம் என்ற இடத்தில் காற்று மழை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சேதம் குறைவு என்று பாராட்டுக்கூட வந்தது. கட்டி வைத்தது யார், கட்டி வைத்துவிட்டு வீட்டுக்காரரை வண்டியில் ஏற்றிப் போனது யார் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது. முதல்முறையாக இங்கேதான் எழுதுகிறேன்.

பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அந்த மலைக்காரர்கள் கயிற்றுக்குச் சொன்ன காரணம் தவறு. ஆனால் செய்த காரியம் சரி. எத்தனை கன்றுகளைப் பறிகொடுத்துவிட்டு அந்த வழக்கத்துக்கு வந்தார்களோ, காரணத்தை மட்டும் மறந்துவிட்டு வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் காரணத்தைத் திருத்தப் போனேன். கூடவே காரியத்தையும் கெடுத்துவிட்டு வந்தேன். படித்ததை நான் தப்பாகப் படிக்கவில்லை. என் கைக்கு எட்டும் தூரத்தில் நின்ற மாட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் பட்டியல் போடுகிறேன். போடாமல் இருக்க முடியாது. மூன்றாவது எச்சரிக்கையை மாற்றி, கயிற்றை அவிழ்த்துவிடவும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்ததையே அவர்களுக்கு எழுதி ஒட்டியிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அக்காவின் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. செவலை இரண்டாவது முறையாகச் சினையாகி, இந்தச் சித்திரையில் பாறைக்கு அடியில் ஒரு காளைக் கன்று போட்டது. அதைச் சொல்ல அக்காவின் கைபேசிக்கு இரண்டு முறை முயன்றேன், எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கன்றுகளை உயிரோடு வெளியே எடுத்திருக்கிறேன்; ஆனால் ஒவ்வொரு கன்றின் மூக்கிலிருந்தும் சவ்வைத் துடைக்கும்போது, ஒரு தாயின் நாக்கு எட்டாதபடி நான் இரண்டு முறை இழுத்துப் பார்த்து இறுக்கிய அந்த முடிச்சு என் விரலில் தட்டுப்படுகிறது.